சாக்பீஸ் கோடு ஒரு சாண் ஏறியிருக்கிறது

நங்கநல்லூரில் எங்கள் தெருக்கோடிப் பூங்காவுக்குக் காலையில் யோகா செய்ய வருகிறவர்களுக்கும், செய்யாமல் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நேற்று நானே என் தலையைப் பின்னிக்கொண்டேன். ஏழு மாதத்துக்கு அப்புறம். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஐப்பசியில் என் வலது தோள் இறுகிப்போனது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், முழுக்க விட ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்றார். ரவிக்கை போடக் கை பின்னால் போகாது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். மார்கழியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஓர் இடத்தில் யோகா வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரமே சர்வாங்காசனம் என்று, உடம்பைத் தோளில் தாங்கி நிற்கக் காலைத் தூக்கிவிட்டார்கள். கழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவளைப் பங்குனி பிறந்த வாரத்தில் பூங்காவுக்கு இழுத்து வந்த எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், புங்கமரத்தடியில சும்மா உட்காரு" என்றார். சென்னையில் ஏது வசந்தம் என்று கேட்பவர்கள் அந்த மரத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பழைய இலையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, எண்ணெய் தடவினாற்போல் மினுங்குகிற தளிரோடு நின்றது. பக்கத்து வேம்பு பூத்து, உட்கார்ந்தவர்கள் தலையிலெல்லாம் உதிர்ந்தது. நான் நிஜமாகவே மூன்று நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது.

நான்காம் நாள் டீச்சர் வந்து, பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டு வரச் சொன்னார். அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குப் பாடமே ஆரம்பித்தார். மற்றவர்கள் சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளையும் போடும்போது, நான் மண்டபத் தூணில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருப்பேன். எட்டிய இடத்தில் டீச்சர் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். வலித்தால் அங்கேயே நிறுத்தி மூச்சு விடு, பல்லைக் கடிக்காதே என்பார். அப்புறம் நாடி சுத்தி, ஒரு மூக்கை மூடி மறு மூக்கால் மாற்றி மாற்றி மூச்சு விடுவது. கடைசியில் சவாசனம். அதில் பல நாள் நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். தெரியும், ஒருத்தர் போனில் பதிவு பண்ணியும் வைத்திருக்கிறீர்கள். மாதக்கணக்கில் தூங்காதவளின் குறட்டை அது, அழிக்க வேண்டாம்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்த அன்று எனக்கு வேர்த்து, கை நடுங்கியது. அடுத்த பாயில் இருந்த பெரியவர் பார்த்தவுடனே புரிந்துகொண்டு ஆரஞ்சு மிட்டாய் இரண்டை என் வாயில் போட்டார். அவருக்கும் சர்க்கரையாம். டாக்டரைக் கேட்டு, இப்போது வீடு திரும்பிச் சாப்பிடும்போதுதான் மாத்திரை. மிட்டாய் மட்டும் பையில் எப்போதும் இருக்கிறது, ஐயா.

சித்திரை முற்றி அக்னி நட்சத்திரம் தொடங்கியதும், ஆறு மணிக்குத் திறக்கிற கேட்டை நமக்காக ஐந்தரைக்கே திறந்துவிட்டாரே, வாட்ச்மேன் அண்ணனுக்குப் பெரிய நன்றி. அந்த வெயிலுக்குச் சீதளி பழகினோம். நாக்கைக் குழல் மாதிரி சுருட்டி மூச்சை இழுக்க வேண்டும். என் நாக்கோ சுருள மாட்டேன் என்றது. சிலருக்கு அப்படித்தான், பல்லிடுக்கு வழியே இழு, சீத்காரி என்று பெயர் என்றார் டீச்சர். முதல் முறை எல்லோரும் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தபோது பூங்காவின் நாய் எழுந்து ஓடியது இன்னும் நினைவிருக்கிறது.

வெல்லம் போடாமல் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் சுக்குக் காபி எடுத்து வைக்கும் தம்பிக்கும், காலைச் சமையலை ஏற்றுக்கொண்டு இத்தனை மாதமும் எனக்குப் பின்னல் போட்டுவிட்ட மருமகளுக்கும் நன்றி. நேற்று பின்னலைக் காட்டியதும் அவள் பாராட்டினாள். பிறகு அவிழ்த்துவிட்டு, கோணலாக இருக்கிறது என்று மறுபடி பின்னிவிட்டாள். அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பாள்.

கை இன்னும் காதை ஒட்டி மேலே போகவில்லை. ஆனால் தூணில் கோடு ஒரு சாண் ஏறியிருக்கிறது. போன வாரம் மண்டபத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்தத் தூணை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் சொல்லி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா.

இன்னொன்று. சனிக்கிழமை யாரோ என் பவானி ஜமுக்காளத்தை மாற்றி எடுத்துப் போய்விட்டீர்கள். என்னுடையது பச்சைக் கோடு போட்டது, ஓரத்தில் காபிக் கறை இருக்கும். உங்களுடைய சிவப்பு என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டு வருகிறேன்.