கொம்பை அறுப்பது காசிரங்காவுக்கு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காண்டாமிருகக் கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்க நிலவரத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், அங்கே செய்வதுபோல அசாமிலும் கொம்பை அறுத்துவிட்டால் கள்ளவேட்டைத் தொல்லை தீர்ந்தது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அதை அப்படியே விட மனமில்லை.

அங்கே பலன் கிடைத்தது உண்மைதான். குரூகர் பூங்காவை ஒட்டிய காப்பகங்களில் 2017 முதல் 2023 வரையிலான நிலவரத்தை ஆராய்ந்தவர்கள், கொம்பறுத்ததால் கள்ளவேட்டை 78 விழுக்காடு குறைந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். சரி. ஆனால் கொம்பு நகம் மாதிரி, திரும்ப வளரும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மயக்க ஊசி போட்டு மறுபடி அறுக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் அடிக்கட்டைக்காகவே கொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் வைத்து யோசித்துப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 2,613 காண்டாமிருகங்கள். ஆப்பிரிக்க வெட்டவெளியில் ஹெலிகாப்டரில் பறந்து குறிபார்ப்பதெல்லாம் இங்கே எடுபடாது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கும் யானைப்புல். நடுநடுவே ‘பீல்’ என்று அங்கே சொல்லும் ஏரிகள், சேறு. ஊசி பட்ட மிருகம் தண்ணீரில் போய் விழுந்தால் அவ்வளவுதான்.

2013, 2014 ஆண்டுகளில் அசாமில் ஆண்டுக்கு 27 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. 2022-இல் மாநிலம் முழுவதும் ஒன்றுகூட வேட்டைக்குப் பலியாகவில்லை. கொம்பை அறுக்காமலே வந்த பலன் இது. காண்டாமிருகம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணமிடும். அந்தச் சாணக் குவியலுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் பதுங்கிக் காத்திருந்து சுடுவது வேட்டைக்காரர்களின் பழைய தந்திரம். நிலா வெளிச்சமுள்ள இரவுகள் அவர்களுக்கு வசதி. அதே குவியல்களையும் அதே இரவுகளையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் முகாம்களில் இருக்கும் காவலர்கள். பூங்காவுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. மூங்கில் கால்களில் நிற்கும் குடிசை மாதிரியான முகாம்களும் அவற்றில் உண்டு. வெள்ளம் வந்தால் படகுதான் போக்குவரத்து. நிரந்தர வேலை கிடைக்காமல் தற்காலிக ஊழியராகவே காலம் தள்ளுகிறவர்கள் இவர்களில் பலர். கொம்பறுக்கச் செலவிடும் பணம் இருந்தால் முதலில் இவர்கள் சம்பளத்துக்குப் போகட்டும் என்பேன்.

2021 செப்டம்பரில், காசிரங்காவை ஒட்டிய பொகாகாட்டில், இருப்பில் வைத்திருந்த 2,479 கொம்புகளை அசாம் அரசு எரித்தது. இந்தக் கொம்புக்கு மருத்துவ குணமோ மதிப்போ இல்லை என்று காட்டியது நல்ல காரியம். படமும் எல்லா நாளேடுகளிலும் வந்தது. முகாம் ஊழியரின் படம் எதிலாவது வந்ததா?

வெள்ளத்தையும் கட்டுரையாளர் தொடவில்லை. பிரம்மபுத்திரா பொங்கினால் மிருகங்கள் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து கர்பி மலைப்பக்கம் ஒதுங்கும். அப்போது லாரியும் அடிக்கும், துப்பாக்கிக்காரனுக்கும் எளிது. வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. மேம்பாலச் சாலைக்கு 2025-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கிடைத்திருக்கிறது. அது எழும்பி முடியும்வரை பூங்காவுக்குள் மிருகங்கள் ஏறி நிற்க மண்மேடுகளும் இரவுக் காவலும்தான் கதி.

காவலைப் புகழ்ந்துவிட்டேன் என்பதற்காக இன்னொன்றை மறைக்கக் கூடாது. 2010-இல் அங்குள்ள காவலர்களுக்கு, துப்பாக்கியைப் பயன்படுத்தியதற்காக எளிதில் வழக்குத் தொடர முடியாதபடி மாநில அரசு பாதுகாப்பு கொடுத்தது. 2016-இல் பூங்காவை ஒட்டிய ஊரைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காவலரின் குண்டு பட்டுக் காலில் படுகாயமடைந்தான். மாடு மேய்க்கிறவனும் வேட்டைக்காரனும் ஒன்றல்ல. வேட்டைக்காரன் நடமாட்டத்தைத் தகவல் சொல்லப்போவது அந்த ஊர்க்காரர்கள்தானே? அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்த முகாமாலும் காவல் காக்க முடியாது.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். கட்டுரையின் முதல் பக்கத்தில் ‘அசாம்’ என்று குறிப்பு போட்டு நீங்கள் வெளியிட்ட படத்திலிருக்கும் மிருகத்துக்கு இரண்டு கொம்பு. அது ஆப்பிரிக்கக் காண்டாமிருகம். அசாமில் இருப்பது ஒற்றைக் கொம்பன். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி