எங்கள் ஊருக்கு ஒரு மேச்சேரிக் கிடா கொடுங்கள்

சேலம் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஓமலூர்ப் பக்கத்தில் 40 செம்மறிகளை வைத்துப் பிழைக்கிறேன். அப்பா காலத்துப் பட்டி. எல்லாம் மேச்சேரி ஆடுகள்: வெளிர் பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பில்லை, உடம்பில் குட்டை மயிர்தான்.

போன வருஷம் பக்கத்துப் பட்டிக்காரர் வெளியூர்ச் சந்தையில் உயரமான கம்பளிக் கிடா ஒன்றை வாங்கி வந்தார். ஒரே மேய்ச்சல் காடு என்பதால் என் பெட்டைகளும் அதோடு சேர்ந்தன. பிறந்த குட்டிகள் எடையாகத்தான் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பெல்லாம் சுருட்டை மயிர். சித்திரை வெயிலில் மேச்சேரிக் குட்டிகள் பாட்டுக்கு மேய, இவை வேலமர நிழலை விட்டு நகரவில்லை. மயிரில் ஒட்டுப்புல் அப்பிக்கொண்டது. சரி, கத்தரித்து விற்கலாம் என்றால் அந்த முரட்டு மயிரை வாங்க ஆளே வரவில்லை. மூட்டை இன்னும் வேலியோரம் கிடக்கிறது.

இந்தக் கலப்பில் போவது தோல். மேச்சேரி ஆட்டின் பெருமையே அதுதான். கம்பளி ஆட்டுத் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கமாக இருக்கும், கொழுப்பும் அதிகம். பதனிட்டால் தொளதொளவென்று ஆகிவிடும். குட்டை மயிர் ஆட்டுத் தோல் இறுக்கமாக நிற்கும். ஒரு தலைமுறை கலந்தாலே இந்தக் குணம் கெடத் தொடங்குகிறது. கம்பளிக்கென்று நீலகிரி ஆடு இருக்கிறது, அதற்கு அந்தக் குளிர் இருக்கிறது. எங்கள் காய்ந்த காட்டுக்கு மேச்சேரிதான்.

பொட்டனேரியில் 1978 முதல் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறக்கும் நல்ல கிடாக்கள் இன்னும் அதிகமாக ஊர்களுக்கு வர நீங்கள் வழி செய்ய வேண்டும். 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஆனால் அதே கிடா தன் மகள்களோடு சேர்ந்தால் குட்டி நோஞ்சானாகும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் விட்டு ஊர் மாற்றிவிடுங்கள். காயடிக்காத கலப்புக் கிடாக்களைப் பட்டியில் விடக்கூடாது என்பதை முகாம்களில் எடுத்துச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் பொறாமை என்கிறார்கள். டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

எங்கள் ஊர்க் கிடாவை என் பட்டியிலேயே கட்டி, தீவனம் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். யார் பெட்டையை ஓட்டி வந்தாலும் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஓமலூர்ப் பக்கத்து ஆட்டுக்காரன்