கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு: குளோசபின் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்தாளுநர்களுக்கும், மெடிக்கல் கடைகளில் மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் மனநல மருத்துவரை மாதம் ஒரு தடவை பார்ப்பார். நடுவில் காய்ச்சல் வந்தாலும் வயிறு வலித்தாலும் மாத்திரை தீர்ந்துபோனாலும் அவர் வீட்டார் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். அதனால் இந்த மடலை மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

இந்த மருந்தைக் கண்டு பயப்படுங்கள் என்று சொல்ல வரவில்லை. மனச்சிதைவு நோய்க்கு இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய நாள் கொடுத்துப் பார்த்தும் கேட்காதபோதுதான் குளோசபினுக்கு வருகிறார்கள். 1988-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு அசையாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் ஆறே வாரத்தில் இதற்குத் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த பழைய மருந்தான குளோர்புரோமசினுக்குத் தேறியவர்கள் 4 சதவீதம். அதற்கு முன்பே, 1975-இல், பின்லாந்தில் இதே மருந்தால், தொற்றோடு போராடும் ரத்த வெள்ளையணு சரிந்து எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனை அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. பிரிட்டனில் ரத்த அறிக்கை இல்லையென்றால் மாத்திரை கிடையாது. நம் கடைகளுக்கு அப்படியொரு கட்டாயப் பதிவேடு இல்லை. பழைய சீட்டைக் காட்டினால் நாலு அட்டை கிடைத்துவிடுகிறது.

முதல் வேண்டுகோள் அதிலிருந்தே. சீட்டை வாங்கியதும் கடைசியாக ரத்தம் பார்த்த தேதியைக் கேளுங்கள். பரவலாக உள்ள முறை: முதல் ஆறு மாதம் வாரம் ஒரு தடவை, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. மருத்துவர் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதுவே சரி. தேதி தாண்டியிருந்தால் விரட்டிவிடாதீர்கள். மாத்திரை நின்றுபோவதும் ஆபத்து. மருத்துவரைப் போனில் கேட்டுவிட்டு இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கொடுத்து, லேபுக்கு அனுப்புங்கள்.

லேப் அறிக்கையைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளையணு), டிஃபரன்ஷியல் கவுண்ட் (அதில் ஒவ்வொரு வகையும் எத்தனை சதவீதம்) இரண்டையும் சுருக்கித் தமிழில் எழுதினால் இரண்டுமே டி.சி. என்றுதான் வரும், பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். ஓர் அறிக்கையில் டோட்டல் கவுண்ட் 4,200 என்று வைத்துக்கொள்வோம். லேப் அச்சடிக்கிற வரம்பு 4,000 முதல் 11,000 வரை என்பதால் அதற்கு நேரே எந்தக் குறியும் இருக்காது. கீழே பாலிமார்ப் 34, லிம்போசைட் 58, ஈசினோஃபில் 5, மோனோசைட் 3. நமக்கு வேண்டியது பாலிமார்ப், அதாவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை. 4,200-ஐ 34-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 1,428. இது 1,500-க்குக் கீழே. அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். வாரம் மூன்று தடவை ரத்தம் பார்க்க வேண்டிய கட்டம் இது. 1,000-க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தி வைப்பார்கள். 500-க்குக் கீழே என்றால் அவசரம். கூடவே காய்ச்சலும் இருந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. சிலருக்குப் பிறவியிலேயே இந்த எண்ணிக்கை குறைவாக இருக்கும், அவர்களுக்கு வரம்பு வேறு. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும்தான், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

இனி காய்ச்சல். “அண்ணே, ஜுரத்துக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க” என்று கேட்பவரிடம் ‘வீட்டில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்’ என்று கேட்காமல் எதையும் கட்டிக் கொடுக்காதீர்கள். குளோசபின் என்று பதில் வந்தால், பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும். தொண்டை வலிக்கும் வாய்ப்புண்ணுக்கும் இதே விதி. மருந்து தொடங்கி இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு படபடப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று சொன்னால் அது இதயத் தசையின் அழற்சியாக இருக்கலாம். அவரை லேபுக்கு அனுப்பி நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அந்த ‘செட்’டுக்குள் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் போவது இன்னொரு வம்பு. குளோசபினைக் கல்லீரலில் உடைக்கிற நொதியை அது அடக்கிவிடும். மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். கடுமையான தொற்று வந்தாலே அந்த நொதி சுணங்கும்; அதன் மேல் இதுவும் சேர்ந்தால் ஆள் தூங்கி வழிவார், தள்ளாடுவார், வலிப்பும் வரலாம். மனநல மருந்தான ஃபுளுவாக்சமின் இன்னும் பலமாக அடக்கும். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற கார்பமசபினும் வெள்ளையணு உருவாகிற எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியவை; குளோசபினோடு சேரக் கூடாது. நரம்பு வலிக்கென்று வேறொரு மருத்துவர் கார்பமசபின் எழுதிய சீட்டு வந்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். குளோசபின் விஷயம் அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இத்தனை பேர் வெள்ளையணுவைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் மலச்சிக்கலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நோயாளி கூச்சப்படுவார், அம்மாவுக்குத் தெரியாது, மருத்துவர் கேட்க மறப்பார். குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. அது முற்றினால் குடல் அடைபட்டு, வீங்கி, அழுகி ஆள் போய்விடுகிறார். 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே தனி எச்சரிக்கை விட்டது. நம் கடைகளில் இதற்கு நடக்கிற வைத்தியம் பெரும்பாலும் தலைகீழ். வயிற்று வலி என்றதும் டைசைக்ளோமின் கொடுப்பார்கள். அது குடலை இன்னும் கட்டிப் போடும். ‘தண்ணியா போகுது’ என்றதும் லோபரமைடு கொடுப்பார்கள். இறுகிப்போன மலத்தைச் சுற்றிக் கசிந்து வருகிற நீராக அது இருக்கலாம் என்று தோன்றாது. மலச்சிக்கல் என்று அவர்களே கேட்டு வந்தால் இசப்கோல். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற ஆளின் மந்தமான குடலில் அது உப்பி நின்று அடைப்பாகிவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி எளிது: “கடைசியா எப்ப நல்லா வெளிக்குப் போனார்?” இரண்டு நாளாகவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால், லாக்டுலோஸ், சென்னா, இவற்றில் எது, எவ்வளவு என்று அவர் சொல்வார். குளோசபின் தொடங்கும்போதே சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. வயிறு உப்பி வலி, வாந்தி, காற்றும் பிரியவில்லை என்றால் பேதி மாத்திரை கொடுக்கவே கூடாது, அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். சீட்டில் குளோசபினோடு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இருந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்கள். கைநடுக்கத்துக்காக முந்தைய மருந்தோடு தொடங்கியது, மருந்து மாறிய பிறகும் பழக்கத்தில் தொடர்ந்துகொண்டிருக்கும். குளோசபினுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. மலச்சிக்கலை மட்டும் கூட்டும். நிறுத்துவதை மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

கார்த்திகை மாதத்துக்கென்று ஒன்று. பீடி, சிகரெட் புகையில் இருக்கிற தார் மேலே சொன்ன அதே நொதியைத் தூண்டிவிடும். அதனால் புகைப்பவர் உடம்பில் குளோசபின் சீக்கிரம் கரைந்துபோகும், அதற்கேற்ப அளவும் கூடுதலாக எழுதப்பட்டிருக்கும். மாலை போட்ட அன்றே பீடியை விட்டுவிடுகிறார். ஒரு வாரத்துக்குள் நொதி அடங்கிவிடும், ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்கு வரை, சிலருக்கு அதற்கு மேலும், ஏறிவிடும். ஆள் தூங்கி வழிந்தால் வீட்டில் ‘விரதக் களைப்பு’ என்பார்கள். மலைக்குப் போய் வந்து பீடியைத் திரும்பத் தொட்டதும் மருந்து இறங்கும், அடங்கியிருந்த குரல்கள் மறுபடி கேட்கும். நிகோட்டின் சூயிங்கம் இதைச் சரிக்கட்டாது, ஏனென்றால் நொதியைத் தூண்டுவது நிகோட்டின் இல்லை, புகை. பீடியை விடுவது நல்லதுதான், யாரும் தடுக்க வேண்டாம். விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, ‘ஸ்டாக் இல்லை, நாளன்னிக்கு வாங்க’ என்ற பதில். மற்ற பல மாத்திரைகளுக்கு அது வெறும் அலைச்சல். குளோசபின் 48 மணி நேரம் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது. உடம்புக்கு இருந்த பழக்கம் அதற்குள் போய்விடும். 300 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு அதே 300-ஐ ஒரே வாயில் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம். முதல் நாள்போல 12.5 மி.கி.யிலிருந்து, மருத்துவர் சொல்கிறபடி ஏற வேண்டும். 12.5 என்பது 25 மி.கி. மாத்திரையில் பாதி. அதனால் அட்டையை நீட்டுவதற்கு முன் “கடைசி மாத்திரை எப்ப போட்டார்?” என்று கேளுங்கள். இரண்டு நாள் தாண்டிவிட்டது என்றால் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மருத்துவருக்கு போன் செய்யுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போடலாமா என்று கேட்பார்கள், கூடாது.

100 மி.கி. இல்லையென்று நான்கு 25 மி.கி. கொடுத்தால் கணக்கு சரிதான், வீட்டில்தான் குழப்பம் வரும். மறுமாதம் 100 வந்ததும் பழக்கத்தில் நான்கு விழுங்குகிறவர்கள் உண்டு. பெயர் ஒத்திருக்கிற வேறு மருந்துகளான குளோனாசெபாம், குளோபசாம் அட்டைகளைக் குளோசபின் இருக்கும் தட்டிலேயே அடுக்காதீர்கள். அவசரத்தில் கை மாறும்.

கடையில் வாங்குகிற ஒவ்வொரு குளோசபின் நோயாளிக்கும் ஒரு வாரத்துக்கான மாத்திரையைத் தனியாக எடுத்து வைக்க முடியுமானால் வையுங்கள். மருந்து போடும் காகித உறையின் மேல் பேனாவால் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: கடைசியாக ரத்தம் பார்த்த தேதி, அடுத்து பார்க்க வேண்டிய தேதி, மருத்துவரின் போன் எண். உறையைத் தூக்கிப் போடாமல் அடுத்த முறையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனநல மருந்துகளோடு அன்றாடம் புழங்கும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும்