மின்விசிறியை நிறுத்தியபோது முகம் சுளிக்காதவர்களுக்கு

பேரன்புக்குரிய அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மாலை, சென்னை எழும்பூரில் பழைய தேவாலயம் ஒன்றையொட்டிய மண்டபத்தில், நாங்கள் நால்வரும் எங்களது முதல் முழுநீளக் கச்சேரியை வாசித்தோம். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, உட்கார்ந்து முன்னால் நிறுத்தி வாசிக்கும் ஒரு செல்லோ. ஒலிபெருக்கி கிடையாது, கோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று நடத்துபவரும் கிடையாது. மேற்கத்திய இசையமைப்பாளர்களான ஹைடன், ஷோஸ்தகோவிச், துவோர்ஷாக் ஆகிய மூவரும் இந்நான்கு கருவிகளுக்கு எழுதிய குவார்ட்டெட்டுகளையும் இடைவேளையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வாசித்து முடித்தோம். அதற்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி சொல்ல இம்மடலை எழுதுகிறேன். பலர் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சிலரை மட்டும் பெயரிட்டுச் சிலரை விடுவது முறையாகாது என்று எண்ணி, எவர் பெயரையும் எழுதவில்லை. கடிதம் எழுதுவது, நாற்காலி கேட்டு அலைவது போன்ற வேலைகள் எங்கள் குழுவில் இரண்டாம் வயலின்காரியான எனக்கே வந்து சேர்கின்றன என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதல் நன்றி மின்விசிறிகள் பற்றியது. அம்மண்டபத்தில் எட்டு விசிறிகள் உண்டு. அவை சுழலும்போது எழும் உறுமலில், ஒலிபெருக்கி இல்லாமல் மிக மெல்ல வாசிக்கப்படும் பகுதிகள் மூன்றாம் வரிசைக்குமேல் போய்ச் சேர்வதில்லை. இசைத்தாள்கள் பறப்பதைத் துணி காயவைக்கும் கிளிப்புகள் கொண்டு சமாளித்துவிடலாம். ஒலியை எந்தக் கிளிப்பாலும் பிடிக்க முடியாது. ஐப்பசி அடைமழையின் காரணமாகச் சன்னல்களையும் சாத்தியிருந்த நிலையில், விசிறிகளை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வந்திருந்த நூற்றுச்சொச்சம் பேரில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தொடக்கத்தில் நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டிருந்தவர்கள், ஷோஸ்தகோவிச் தொடங்கிச் சில நிமிடங்களில் அந்தத் தாளையும் மடியில் வைத்துவிட்டதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். வியர்வையில் நனைந்தபடி எங்களுக்கு நீங்கள் கொடுத்த அந்த அமைதிக்கு ஈடாக நாங்கள் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை.

அந்த அமைதியைக் காத்தவர்களுள் முதன்மையானவர் ஆலயத்தைப் பராமரிக்கும் ஊழியரான கோயில்பிள்ளை ஐயா. முதலில் எங்களுக்கு இடம் தருவதாகச் சொன்ன அரங்கு ஒன்று, நிகழ்ச்சிக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது கையை விரித்துவிட்டது. அந்த நிலையில், மின்கட்டணம் மட்டும் போதும் என்று சொல்லித் தங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆயர் ஐயாவுக்கும் சேகரக் குழுவினருக்கும், வெள்ளிக்கிழமைப் பயிற்சியை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்ட பாடகர் குழுவினருக்கும் எங்கள் வணக்கங்கள். கோயில்பிள்ளை ஐயா அதற்கும் மேலே போனார். ஒத்திகைக்காக நாங்கள் ஒருமுறை வந்தபோது, மண்டபத்தின் பக்கத்திலிருந்த தகரச் சாய்ப்பின் மேல் மழைத்துளி விழும் ஓசை எங்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதை, நாங்கள் சொல்லாமலே கவனித்திருக்கிறார். சனிக்கிழமை மதியம் நாங்கள் வந்து சேர்ந்தபோது, அவர் ஏணி போட்டு ஏறி அச்சாய்ப்பின் மேல் பழைய சாக்குகளை விரித்துக் கல் வைத்திருந்தார். மாலையில் தண்ணீர் மோட்டாரையும் அவரே நிறுத்திவைத்தார். இசை அறிந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், இனி நான் அவரைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் மாஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக எழுத என்னால் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவர் அவர். காலையில் ஒரு கால்ஷீட், மதியம் ஒரு கால்ஷீட் என்று, அதுவரை பார்த்தேயிராத தாள்களை முதல் பார்வையிலேயே வாசித்துக் கொடுத்த தலைமுறை அது. இந்நகரத்தில் மேற்கத்திய முறையில் வயலின் கற்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆசிரியர்களாக அமைந்தவர்கள் அத்தலைமுறையினரும் தேவாலயப் பாடகர் குழுக்களோடு வளர்ந்தவர்களும்தாம். அத்திரையுலகத்திலிருந்து வந்த வி. எஸ். நரசிம்மன் தலைமையில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்திக் கருவிகளுக்கு அமைத்து வாசித்துக் காட்டியிராவிட்டால், இப்படி ஒரு குழுவைத் தொடங்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வந்திருக்குமா என்பது ஐயம்தான்.

மாஸ்டர் எங்களுக்குக் கற்பித்ததில் பாதி, அவர் தம் தொழிலில் கற்றதற்கு நேர்மாறானது. இருபது வயலின்கள் ஒன்றாக வாசிக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் வில்லோடு தன் வில்லும் ஒன்றாகப் போக வேண்டும், தனியே தெரியக் கூடாது. அதுவே அங்கே திறமை. குவார்ட்டெட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒருவரே பொறுப்பு. சுருதி சற்றே விலகினாலும் மறைத்துக்கொள்ள இடம் இல்லை. இதை எங்களுக்குப் புரியவைக்க, நால்வரையும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். கண்ணால் சைகை கொடுக்க வழியில்லாதபோது, முதல் வயலின்காரர் மூச்சை இழுக்கும் ஓசையைக் கேட்டுத்தான் எல்லோரும் தொடங்க வேண்டியிருந்தது. இரண்டு மாதங்கள் நாங்கள் மோதிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் மோதவில்லை.

நாங்கள் துவோர்ஷாக்கை வாசித்த தாள்கள், மாஸ்டர் தம் இளமையில் இரவல் வாங்கிய ஒரு பதிப்பிலிருந்து கையால் பார்த்தெழுதியவை. அவற்றை எழுதிய காலத்தில் சேர்ந்து வாசிக்க நண்பர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை என்றும், ஒருமுறைகூட அதை மேடையில் வாசித்ததில்லை என்றும், அந்தத் தாள்கட்டை எங்களிடம் கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சனிக்கிழமை கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டார். முடிந்ததும் எங்களிடம் வந்து, இரண்டாம் பகுதியில் வயோலாவை அமுக்கும் அளவுக்கு நான் சத்தமாக வாசித்துவிட்டதைச் சுட்டிக்காட்டிவிட்டு, மழை வலுக்குமுன் கிளம்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

வியாழக்கிழமை இரவு வயோலாவின் மேற்பலகை ஓரிடத்தில் விலாவிலிருந்து பிரிந்துகொண்டது. இக்கருவிகளை இன்றும் வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுகிறார்கள். ஈரமும் சூடும் பட்டால் அது இளகிவிடும். குறை போலத் தோன்றினாலும் அதுவே கருவிக்குக் காப்பு, ஏனெனில் மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கிறது. இதையெல்லாம் இரவு பத்து மணிக்குத் தம் வீட்டு வாசலில் நின்றபடி பொறுமையாக விளக்கி, அழுதுகொண்டிருந்த எங்கள் வயோலாக்காரியைத் தேற்றிய ராயப்பேட்டைக் கருவிப் பழுதுபார்ப்பவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். பழைய பசையை வெந்நீரால் துடைத்தெடுத்து, புதிதாக ஒட்டி, இறுக்கிகளைப் பூட்டி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, சனிக்கிழமை காலையில் கொடுத்தார். செல்லோவில் சுருதி சேர்க்கும் பிருடைகள் வழுக்குவதைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. அவற்றையும் அவரே பார்த்துச் சரிசெய்திருந்தார்.

ஐந்து மாதங்களாக எங்கள் ஒத்திகை நடந்தது வயோலாக்காரியின் அடுக்குமாடி வீட்டில். கீழ்வீட்டு அம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, முதல் மாதத்தில் இருமுறை மேலே வந்து கதவைத் தட்டினார். ஒரே எட்டு அளவுகளை, அதாவது தாளக் கட்டங்களை, நாற்பது முறை கேட்க நேர்ந்தால் நானும் தட்டியிருப்பேன். மூன்றாம் முறை வந்தவர், துவோர்ஷாக்கின் தொடக்கத்தில் வயோலா எடுக்கும் மெட்டு மோகன ராகம்தானே என்று கேட்டார். 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் செக் குடியேறிகள் வாழ்ந்த ஸ்பில்வில் என்ற சிற்றூரில் கோடையைக் கழிக்கச் சென்றபோது துவோர்ஷாக் எழுதியது அது. ஐந்தே சுரங்களில் நடக்கும் அந்த மெட்டில் மோகனத்தின் சுரங்கள் அப்படியே இருப்பது உண்மைதான். ஆனால் அதன் நடை மோகனத்தின் நடையன்று என்று நாங்கள் வாதாடினோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹைடனின் இரண்டாம் பகுதியின் நடுவே முதல் வயலின் வழுக்கிச் செல்லும் இடங்களைக் கேட்டு, அதைக் கர்நாடக இசையில் சொல்வது போல ஜாரு என்று சொல்ல எங்களுக்கு ஏன் தயக்கம் என்றும் கேட்டார். நிகழ்ச்சிக் கையேட்டில் அந்த இடங்களை விளக்க அச்சொல்லையே பயன்படுத்திக்கொண்டோம். அன்று முதல் ஒத்திகை நாட்களில் மேலே வரும் காப்பித் தட்டில் ஐந்து தம்ளர்கள் இருந்தன, ஐந்தாவது அவருக்கு.

ஹைடனும் துவோர்ஷாக்கும் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவர்கள். 1975இல் மறைந்த ஷோஸ்தகோவிச் அப்படியல்ல. அவரது எட்டாம் குவார்ட்டெட்டின் தாள்களை வெளிநாட்டில் வாங்கித் தம் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த உறவினருக்கும், உரிமத் தொகையை ஏற்றுக்கொண்ட அன்பருக்கும் நன்றி. ஐந்து மாதங்களும் செல்லோவை ஏற்றிச்சென்று, ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தைக் குறைத்து, அது வீணையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அலுக்காமல் விடைசொன்ன ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. எங்கள் பெற்றோருக்கு வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த எட்டாம் குவார்ட்டெட்டை ஷோஸ்தகோவிச் 1960ஆம் ஆண்டு ஜூலையில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகில் தங்கியிருந்தபோது, மூன்றே நாட்களில் எழுதினார். துவோர்ஷாக் தம் படைப்பின் முதல் வரைவை முடித்ததும் மூன்று நாட்களில்தான் என்பதால், எங்கள் ஐந்து மாதங்களைப் பற்றி நாங்கள் பெருமை பேசுவதில்லை. இடைநிறுத்தம் இல்லாமல் தொடரும் ஐந்து பகுதிகளில் நான்காவதில், முதல் வயலின் ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்திருக்க, மற்ற மூவரும் நள்ளிரவில் கதவைத் தட்டுவது போல மும்மூன்று அடிகளாக வாசிக்க வேண்டும். அதற்குமுன் மூன்றாம் பகுதியில் நான் ஓரிடத்தில் இரண்டு அளவுகள் தாமதமாக நுழைந்தேன். செல்லோக்காரர் தம் வரியைச் சற்றே அழுத்தி வாசித்து எனக்கு வழிகாட்டியிராவிட்டால், அந்த அடிகள் வரைக்கும் நாங்கள் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம். இதை உங்களில் யாரும் கவனிக்கவில்லையென்றால், அந்த நன்றி முழுவதும் அவருக்கே உரியது.

கடைசியாக ஹைடன். 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய ஆறு குவார்ட்டெட்டுகளில் நாங்கள் வாசித்த இரண்டாவதற்கு ‘வேடிக்கை’ என்ற பட்டப்பெயர் வாய்த்திருப்பது அதன் முடிவினால். மெட்டைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் மௌனத்தை வைத்து, முடிந்தது என்று கேட்பவர் கைதட்டத் தொடங்கும்போது மீண்டும் தொடங்கி, உண்மையான முடிவில் யாரும் தட்டாதபடி செய்திருக்கிறார் அவர். இதைக் கையேட்டில் விளக்கலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது, விளக்காமல் விட்டோம். நீங்கள் இருமுறை தட்டினீர்கள். இரண்டாம் முறை ஏமாந்தபோது, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அதைத் தொடர்ந்து மண்டபமே சிரித்தது. கடைசிச் சொற்றொடரை மெல்லிய ஒலியில் வாசிக்க வேண்டிய இடத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு வில்லை நடுங்காமல் பிடிப்பதற்கு எந்த மாஸ்டரும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. அச்சிறுவனை அழைத்துவந்த பெற்றோருக்குத் தனியாக ஒரு நன்றி.

உண்டியலில் சேர்ந்த தொகையில் மின்கட்டணத்தையும் நாற்காலி வாடகையையும் கட்டிவிட்டோம். மீதியில் கோயில்பிள்ளை ஐயாவுக்குப் புதிய சாக்குகளையும் ஒரு நல்ல ஏணியையும் வாங்கித் தந்திருக்கிறோம். மண்டபத்தில் மூன்று குடைகளும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கிடந்தன. அவை அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ