மலையைத் தாண்டும் அலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சரக்குக் கப்பல்களில் வானொலி அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது செங்கோட்டையில் வசிக்கிறேன். கப்பல்களின் அபாய அழைப்புக்குரிய 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் மணிக்கு இருமுறை, மும்மூன்று நிமிடங்கள், எல்லா நிலையங்களும் அனுப்புவதை நிறுத்திவிட்டு அபாயக் குறிப்புக்காகக் காது கொடுத்த காலம் அது. வானொலி அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்கள் சிவப்பு வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கும். 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் சார்ந்த புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் எங்கள் வேலைக்குத் தேவையில்லாமல் போயிற்று.

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி மட்டும் என்னுடன் இருக்கிறது. ஆரியங்காவு மலைகள் மறிப்பதால் கையடக்கக் கருவியின், பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் விஎச்எஃப் அலை என் வீட்டிலிருந்து கேரளப் பக்கம் எட்டுவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ, தாழக் கட்டிய கம்பியிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறி, வளிமண்டலத்தின் உயரத்திலுள்ள மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் திரும்பி, மலைக்கு அப்பால் இறங்குகிறது. புனலூர் நண்பர் மலையாளத்தில் பேச, நான் தமிழில் பதில் சொல்வேன். (வீட்டில் இதைக் கிழவனின் விளையாட்டு என்கிறார்கள்.) 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்தும், 2018 வெள்ளத்தின்போது கேரளத்திலும் செய்தி கடத்தி உதவியவர்கள் இத்தகைய பொழுதுபோக்காளர்களே.

அமெச்சூர் வானொலியின் தொடக்கநிலை உரிமத் தேர்வுக்கு, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறை கட்டாயமில்லை. எனவே எல்லையோரப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்களில் இதை அறிமுகப்படுத்தக் கல்வித்துறை முன்வர வேண்டும். கட்டணமின்றிக் கற்பிக்க நான் ஆயத்தமாக உள்ளேன். மோர்ஸ் தட்டும் என் பழைய சாவியையும் கொண்டுவருவேன்.

– ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அலுவலர், செங்கோட்டை