சுனாமிக்குத் தங்கத்தை விற்றவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒலிம்பிக் வந்துவிட்டால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நீச்சல் என்றாலே மைக்கேல் பெல்ப்ஸ்தான். பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் இருக்கிற நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நீச்சல் வீரர் வேறொருவர். ஆன்டனி எர்வின், அமெரிக்கர். இங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கியபோது அவருக்கு 19 வயது. கூடப் பயிற்சி எடுத்த கேரி ஹால் ஜூனியரும் அவரும் 21.98 வினாடியில் சுவரைத் தொட, ஆளுக்கொரு தங்கம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஃபுகுவோகாவில் நடந்த உலகப் போட்டியில் 50, 100 மீட்டர் இரண்டிலும் தங்கம். அப்புறம் 22 வயதில் போதும் என்று நீச்சலையே விட்டுவிட்டார்.

2004 டிசம்பர் 26. அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே உங்கள் வாசகர்களுக்குப் புரியும். அந்தச் சுனாமிக்காகத்தான் எர்வின் தன் ஒலிம்பிக் தங்கத்தை இணையத்தில் ஏலம் விட்டு, கிடைத்த 17 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட பணத்தை யுனிசெஃப் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் வாங்கின கேடயத்தையே ஷோகேஸில் பூட்டிவைக்கிறவர்கள் நாம். அந்தப் பணம் எந்தக் கரைக்குப் போயிருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதம் எழுதியிருப்பேன். ஆனால் நியூயார்க்கில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் 2011-ல் போட்டிக்குத் திரும்பினார், 2012 லண்டனில் ஐந்தாவது இடம், 2016 ரியோவில் 35 வயதில் மறுபடியும் அதே 50 மீட்டரில் தங்கம், 21.40 வினாடி! 19 வயதில் நீந்தியதைவிட அரை வினாடிக்கு மேல் வேகம். தனிநபர் நீச்சலில் அதுவரை அந்த வயதில் யாரும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை. இரண்டாவது வந்த பிரான்ஸ் வீரர் ஃப்ளோரன் மனாடூ 21.41.

இந்த 50 மீட்டர் என்பது குளத்தின் ஒரே நீளம், திரும்புகிற வேலையே இல்லை, பலர் மூச்சுக்குத் தலையைத் திருப்புவதுகூட இல்லை. குதிப்பதில் கொஞ்சம் பிசகினாலும், கடைசிக் கைவீச்சு ஒரு விரல் அளவு குறைந்தாலும் போச்சு. நம் இந்திய நீச்சல் வீரர் வீர்தவல் காடேயைக் கேட்டால் தெரியும், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இதே 50 மீட்டரில் அவர் 22.47 வினாடி, ஜப்பான்காரர் 22.46, வெண்கலம் அங்கே போய்விட்டது. (காடே தாசில்தார் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து நீந்தியவர், அவரைப் பற்றியும் தமிழில் அதிகம் பார்த்ததில்லை.) இங்கே என்னவென்றால், மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்ததும் மதகிலிருந்து குதிக்கிற பையனைப் பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி எதற்கு என்று கரையேற்றிவிடுகிறோம்.

ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் கடலில் பால் ஊற்றுகிற படம், பூத் தூவுகிற படம் எல்லாம் போடுகிறீர்கள். சரி, போடத்தான் வேண்டும். இந்த வருடம் அதே பக்கத்தில் ஒரு பத்தி எர்வினுக்குக் கொடுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் வேண்டாம், கிரிக்கெட்டுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

– ஒரு வாசகர், நாகப்பட்டினம்