தானம் தரும் தாய்க்கு எந்த மயக்கம்?

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. கைக்குழந்தைக்குத் தன் கல்லீரலில் ஒரு துண்டைத் தரும் தாய்க்கு எந்த மயக்க வாயு, ஐசோஃப்ளுரேனா டெஸ்ஃப்ளுரேனா என்று கேட்டிருந்தாய். இவ்வளவு யோசிக்க வேண்டாம். உடலுக்குள் சிதைவது ஐசோஃப்ளுரேனில் 0.2 சதவீதம், டெஸ்ஃப்ளுரேனில் 0.02, செவோஃப்ளுரேனில் 2 முதல் 5. பழைய மயக்க வாயுவான ஹாலோத்தேன் 20 சதவீதம் சிதைந்து கல்லீரலைப் பதம்பார்த்த காலத்துப் பயம்தான் நம்மை இன்னும் விடவில்லை. தானம் தருபவரின் கல்லீரல் ஆரோக்கியமானது, மூன்றில் எதையும் தாங்கும். வாந்தி வேறு விஷயம். இளம்பெண், புகைக்காதவர், பிறகு மார்ஃபின் வேறு, எல்லாமே வாந்தியைக் கூட்டும். அதற்காகவே வாயுவை விட்டு, சிரையில் ஏற்றும் ப்ரொப்பஃபால் ட்ரிப் என்றால் சரி.

யோசிக்க வேண்டியது எபிடூரலைப் பற்றி, அதாவது முதுகில் மெல்லிய குழாய் (கத்தீட்டர்) வைத்து வலிமருந்து ஓடவிடுவதைப் பற்றி. கைக்குழந்தைக்கு எடுப்பது கல்லீரலின் இடது ஓரத்து இரண்டாம், மூன்றாம் செக்மென்ட் மட்டும், சுமார் 250 கிராம். வலது மடல் தானத்தில் ஏறுவதுபோல் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண்) இதில் ஏறாது. ஆனாலும் முதல் மூன்று நாளில் கொஞ்சம் ஏறும். கத்தீட்டரை உருவும் நாளும் அதுவே, முதுகுக்குள் ரத்தம் கசியலாம் என்பதுதான் சங்கடம். 1.5-க்குக் கீழே வந்தபிறகே கைவை.

இன்னொரு சிக்கல், கல்லீரலை வெட்டும்போதே எபிடூரலை ஓடவிடுவது. பிரஷர் இறங்கும், நீ சலைன் ஏற்றுவாய், சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) ஏறும், கல்லீரலின் சிரையான ஹெபாடிக் வெயின் புடைத்து வெட்டுமுகம் கசியும். சர்ஜன் உன்னைத்தான் முறைப்பார். வெட்டி முடியும்வரை சி.வி.பி. 5-ஐத் தாண்டக் கூடாது. மருந்தை அப்புறம் தொடங்கு.

என்னைக் கேட்டால், இடது துண்டுக்கு மயக்கத்துக்கு முன் ஒரே ஸ்பைனல் மார்ஃபின் (முதுகுத்தண்டு நீருக்குள் ஒரு ஊசி) போதும். 200 முதல் 300 மைக்ரோகிராம், ஒரு நாள் தாங்கும். பிரிசர்வேடிவ் இல்லாத ஆம்பியூல்தானா என்று பார். 10 மில்லிகிராமை 10 மில்லியாகக் கலந்தால், 300 மைக்ரோகிராமுக்கு 0.3 மில்லிதான் டோஸ். இன்சுலின் சிரிஞ்சில் 30 கோடு என்று எடுப்பவர்கள் உண்டு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் சிரிஞ்சில் அது சரி. சிவப்பு மூடி 40 யூனிட்டில் அதே 30 கோடு 0.75 மில்லி! மில்லியிலேயே கோடு போட்ட 1 மில்லி ட்யூபர்குலின் சிரிஞ்ச்தான் நல்லது. மார்ஃபின் மூச்சைக் குறைக்கலாம், 24 மணி நேரம் மணிக்கொரு முறை மூச்சை எண்ணச் சொல். அரிப்பு வரும், பயப்படாதே.

தசை தளர்த்த அட்ராகுரியம் நல்லது, உடலில் சிதைய அது கல்லீரலை எதிர்பார்க்காது. பாராசிட்டமால் நாளுக்கு 2, 3 கிராமோடு நிறுத்து.

பாலூட்டும் தாய் என்றால் மறுநாளே பால் கட்டும். வயிற்றுத் தையலைவிட அந்த வலியைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். ஐ.சி.யூ.வில் ஒரு பம்ப் எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
சேகர்